கமலத்தின் கிரைண்டரும் பிளாஸ்டிக் குழாயும்

ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் லட்சுமணனுக்கு இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். அத்தனை வருஷமும் இரும்புக் குழாய்க்குள் ஒயர் இழுத்தே கை காய்த்துப்போன மனிதர். ஒயரிங் என்றால், உருதுவும் தெலுங்கும் புழங்கும் மெட்டுகுடாவில் நாலு தெருவுக்கும் அவர்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இல்லை என்று நான் பூசி மெழுகப் போவதில்லை.

அவர் வீட்டில் கார் ஷெட் இருந்தது, கார்தான் இல்லை. வீட்டை விற்றவர் காரை மட்டும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். எண்பத்து மூன்று டிசம்பரில் லட்சுமணனின் மனைவி கமலம், கோயமுத்தூரிலிருந்து கிரைண்டர் வரவழைத்து, அதை ஷெட்டில் போட்டு, அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுக்கப் போகிறேன் என்று கிளம்பினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தனக்கென்று அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். மறுக்க மனம் வருமா?

"அந்த இரும்பெல்லாம் நக்கோ, வேணாம் கமலம். இப்போ பிளாஸ்டிக் வந்திருக்கு பாரு!" என்று லட்சுமணன், ஷெட்டுக்கு ஒயர் இழுக்க வெள்ளைக் குழாய்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார்.

இரும்பென்றால் குழாய் முனைகளில் மரை போடவே பாதி நாள் போய்விடும். இதை ரம்பத்தால் அறுத்தார், பசை தடவிச் செருகினார், வளைவுக்கு மெழுகுவர்த்திச் சூடு காட்டினார். மெயினிலிருந்து கார் ஷெட் வரை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வேலை முடிந்தது. கடைசியில் சாக்கெட்டுக்கு ஓர் இரும்புப் பெட்டி பொருத்தி, எர்த் முனையைத் துண்டு ஒயரால் அந்தப் பெட்டியோடு இறுக்கினார். எப்போதும் செய்கிற வேலைதானே.

பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி வந்து பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி மாதிரி எவ்வளவு சுத்தமா இருக்கு அண்ணே!" என்றாள். அப்புறம் தெருவே வந்து பார்த்தது. லட்சுமணனுக்கு இரண்டு நாள் கால் தரையில் பாவவில்லை.

கிரைண்டர் ஓட ஆரம்பித்துப் பத்து நாள் இருக்கும். ஒரு சாயங்காலம் அவர் சீக்கிரமாக வீட்டுக்கு வந்தார். கார் ஷெட்டில் கமலம் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். கையில் துணி சுற்றியிருந்தது. அடுப்பங்கரை வாசல் பக்கம்கூடச் செருப்போடு வராதவள்! அவருக்குச் சுர்ரென்று வந்தது.

"மாவரைக்கிற இடத்துல செருப்பா?"

"தரை ஈரமா இருக்குங்க. வழுக்குது."

"கையில துணி எதுக்கு? கையும் வழுக்குதா?" என்று கிரைண்டரை நிறுத்தக் கையை நீட்டினார்.

"ஐயோ, தொடாதீங்க!" கமலம் போட்ட கூச்சலில் அவர் கை அப்படியே நின்றுவிட்டது. அவள் பாய்ந்து சுவரிலிருந்த ஸ்விட்சை அணைத்தாள். "நாலு நாளா தொட்டா சுண்டி இழுக்குது. செருப்பு போட்டுக்கிட்டா அவ்வளவா தெரியல."

"மோட்டார்ல ஈரம் இறங்கியிருக்கும். இறங்கட்டும், எர்த் இருக்கும்போது எப்படி இழுக்கும்? போட்டது யாரு, நானாச்சே!" என்றபடி, பல்பிலிருந்து இரண்டு ஒயர் நீட்டிய டெஸ்ட் லாம்ப்பை எடுத்து வந்தார். ஒரு முனையைக் கரண்டு வரும் துளையிலும் இன்னொரு முனையை இரும்புப் பெட்டியிலும் வைத்தார். எர்த் சரியாக இருந்தால் பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். எரியவில்லை. பல்பை மாற்றினார். அப்போதும் எரியவில்லை.

அவர் பார்வை சுவரில் ஓடிய வெள்ளைக் குழாய் மேல் போயிற்று. அட பாவி!

இரும்புக் குழாய் என்றால் குழாயேதான் எர்த். பெட்டியோடு கட்டிவிட்டால் போதும், கசிகிற கரண்டு குழாய் வழியாகவே மண்ணுக்குப் போய்விடும். இருபத்தெட்டு வருஷம் பழகிய கை இங்கேயும் அதையே செய்துவிட்டது. பிளாஸ்டிக்கில் கரண்டு எங்கே போகும்? தனியாக ஓர் எர்த் ஒயர் இழுத்திருக்க வேண்டும். அப்ரண்டிஸ் பையனுக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

அவர் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நாலு நாளா ஏன் சொல்லல?"

"ஊரே வந்து பார்த்துட்டுப் போச்சு. ஷாக் அடிக்குதுன்னு நான் வாய் திறந்தா, லட்சுமணன் ஒயரிங் லட்சணத்தைப் பாருன்னு சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிச்சா சிரிக்கட்டுமே, பைத்தியக்காரி! நீ போயிருந்தா நான் என்ன பண்ணுவேன்?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். அவர் அழுது கமலம் பார்த்ததே இல்லை. பயந்துபோய் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

இருட்டுவதற்குள் எர்த் ஒயர் இழுத்து முடித்தார். மறுநாள் காலை ஒர்க்‌ஷாப்பில் டீ நேரத்தில், யாரும் கேட்காமலேயே, எல்லார் நடுவிலும் நடந்ததைச் சொன்னார். கூட வேலை பார்க்கும் சாரங்கபாணி தொடையைத் தட்டிச் சிரித்தார். "க்யா உஸ்தாத், உங்களுக்கேவா?"

"ஹவ், எனக்கேதான்," என்றார் லட்சுமணன்.

அங்கேயே வேலை செய்யும் கிட்டு மட்டும் சிரிக்கவில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்தான். "அண்ணே, போன மாசம் எங்க வீட்டு வெந்நீர் கீசருக்கு நானும் பிளாஸ்டிக்தான் போட்டேன். எர்த்தைப் பெட்டியோடதான் கட்டினேன். என் சம்சாரம் நீலா குளிக்கிற நேரம் இது."

லட்சுமணன் அவனைச் சைக்கிளின் பின்னால் உட்காரச் சொல்லி எழும்பி எழும்பி மிதித்தார். லீவு கேட்கவுமில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை.

கதவைத் தட்டிய தட்டில், நீலா தோளில் துண்டோடு ஓடிவந்து திறந்தாள். "குளிக்கக்கூட விட மாட்டீங்களா? இந்நேரத்துக்கு ரெண்டு பேரும் எங்கே இங்கே?"

அவள் தலை இன்னும் நனையவில்லை. கிட்டு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஒண்ணுமில்லம்மா. மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கு, காட்டு," என்று லட்சுமணன் உள்ளே போனார்.