ஜெஸ்ஸை நிறுத்தும் விசில்

குடிவந்த அன்றே ஜெஸ் அந்த வீட்டை அளந்து முடித்துவிட்டது. முன்னறையிலிருந்து அடுக்களைக்கு ஐந்து தாவல், அடுக்களையிலிருந்து படுக்கையறைக்கு மூன்று. அப்புறம் சுவர். மூன்று வயதுப் பெட்டை நாய். போன மாதம் வரை விடிந்தால் அடைந்தால் மலையில் ஓடி, முந்நூறு செம்மறிகளைத் தனியாளாக மடக்கிக் கொண்டுவந்தது. சுவரை ஒருமுறை முகர்ந்துவிட்டு, திரும்பி ஆடம் ரென்விக்கின் முகத்தைப் பார்த்தது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

ஆடம் ஹாயிக் நகருக்குத் தெற்கே ஒரு மலைப்பண்ணையில் நாற்பத்தொரு வருடம் மேய்ப்பராக இருந்தவர். அந்தப் பக்கத்தில் மேய்ப்பனுக்கு வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. இடுப்பெலும்பு தேய்ந்தது, பண்ணைக்காரரும் ஆடுகளை விற்றுவிட்டு மலை முழுக்க மரக்கன்று நட ஆரம்பித்தார். ஆடமுக்கும் அவர் மனைவி எஃபிக்கும் நகராட்சி ஒதுக்கியது இந்த இரண்டாவது மாடி வீடு. இடுப்பு போனவருக்கு மாடி, அதுவும் லிஃப்ட் இல்லாமல். யார் செய்த புண்ணியமோ.

"நாயை யாருக்காச்சும் கொடுத்துட்டு வா" என்று சொல்லாதவர்கள் இல்லை. வேலை தெரிந்த நாயை வேலை இல்லாத இடத்தில் கட்டிப்போடுவதை அங்கே பெரிய பாவமாகவே நினைப்பார்கள். ஆடமும் ஊரெல்லாம் அப்படிப் பேசியவர்தான். தன் நாய் என்று வந்தபோது பேச்சு வேறாகிவிட்டது.

ஜெஸ் வேலை தேடிக்கொண்டது. சலவை இயந்திரம் ஓடும்போது அதன் வட்டக் கண்ணாடிக்கு முன்னால் வயிறு தரையில் படப் பதுங்கி, உள்ளே சுற்றும் துணிகளைக் கண்கொட்டாமல் காவல் காத்தது.

"உன் சட்டை எதுவும் ஓடிப்போகாது, கவலைப்படாதே. ஆள் போட்டாச்சு" என்று எஃபி கிண்டலடிப்பாள். முதல் வாரம் இருவரும் சிரித்தார்கள்.

பின்பக்கம் துணி காயப்போடும் புல்வெளியில் குழந்தைகள் விளையாடின. ஒருநாள் ஆடம் வாரைக் கழற்றிவிட்டு மூச்சு வாங்குவதற்குள் ஜெஸ் ஏழு குழந்தைகளையும் சுற்றி வளைத்து மூலையில் நிறுத்திவிட்டது. அவை கைதட்டிச் சிரித்தன. அடுத்தமுறை ஒரு சிறுமி கூட்டத்தை விட்டு ஓடினாள். மந்தையை விட்டு ஓடும் ஆட்டை என்ன செய்யுமோ அதையே ஜெஸ் செய்தது, குதிகாலில் ஒரு கவ்வல். ரத்தம் வரவில்லை, காலுறை மட்டும் கிழிந்தது.

அந்தச் சிறுமியின் அம்மா படியேறி வந்துவிட்டாள். "என் பொண்ணு என்ன ஆடா?"

"ஆடா இருந்தா சொன்ன பேச்சு கேட்டு நின்னிருக்கும்" என்றார் ஆடம்.

இந்த வாய்தான் அவருக்குச் சனி. அதே வாரம் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. இன்னொரு புகார் வந்தால் நாய் இருக்கக்கூடாது, அல்லது அவர்கள் இருக்கக்கூடாது.

அதற்குப் பிறகு ஜெஸ் வாரோடு மட்டும் கீழே போனது. தெருமுனை வரை போய்த் திரும்புவதற்குள் ஆடமுக்கு இடுப்பு கழன்றுவிடும். நாய் முன்னங்காலை நக்க ஆரம்பித்தது. நக்கி நக்கி முடி போய், தோல் போய், சிவந்த புண்ணாகிவிட்டது. பிப்ரவரியில் அது வாலைக்கூட ஆட்டவில்லை. சுவரைப் பார்த்தபடியே படுத்துக் கிடந்தது.

"இது நீ அவ மேல வச்ச பாசம் இல்லை மனுசா. வெறும் பிடிவாதம்" என்றாள் எஃபி. "ஷோனாவுக்குச் சொல்லி அனுப்பு."

ஷோனா ஆலிவர் நாற்பது வயதுக்காரி. அப்பா போன பிறகு ஒண்டியாக மலைப்பண்ணையைக் கவனிக்கிறவள். அவளுடைய நாய் கிழமாகிச் செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வந்தாள். ஒரு மாதம் வைத்துப் பார்ப்பது, ஒத்துவராவிட்டால் திருப்பிக் கொடுப்பது; அதுதான் அந்தப் பக்கத்து வழக்கம்.

அவள் உள்ளே நுழைந்ததும் ஜெஸ் சுவரைவிட்டு எழுந்து வந்தது. அவள் பூட்ஸில் ஆட்டு வாசனை. மூக்கை அதில் அழுத்தி வைத்துக்கொண்டு வாலை ஆட்டியது. இடுப்பே ஆடியது. ஆடமுக்கு வயிறு எரிந்தது. ஆமாம், வயிறுதான் எரிந்தது. சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று அவருக்கே தெரியும்.

நாயைக் கொடுக்கும்போது அதற்கு ஊதும் விசிலையும் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்த மலைகளில் ஒவ்வொரு நாய்க்கும் தனித்தனி விசில். ஒன்றுக்கு ஊதுவது இன்னொன்றுக்குப் புரியாது, புரியவும் கூடாது. ஜெஸ்ஸை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, ஆடம் தகர விசிலை நாக்கின்மேல் வைத்துக்கொண்டார். இடப்பக்கம் சுற்று என்று ஊதினார். உள்ளே நகங்கள் தரையில் சறுக்கி ஓடின. வலப்பக்கம். மறுபடி ஓடின. நெருங்கிப் போ என்றதும் கதவில் முட்டிய சத்தம்.

"போதும், கதவைப் பேத்துறப் போறா" என்று ஷோனா சிரித்தாள். "நிறுத்துறது எப்படி?"

நிறுத்துவது இரண்டு சின்ன ஊதல், இரண்டாவது கீழிறங்கும். ஆடம் ஒரே நீளமாக ஊதினார். ஜெஸ் வாழ்நாளில் கேட்டிராத விசில் அது. உள்ளே சத்தமே இல்லை.

"பாருங்களேன், அப்படியே நின்னுட்டா!" என்றாள் ஷோனா.

அவர் விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நாயைக் கெடுக்க வேண்டும் என்ற எண்ணமெல்லாம் இல்லை. நிறுத்த முடியாத நாயை எவள் வைத்துக்கொள்வாள்? மாதம் முடிவதற்குள் ஜெஸ் திரும்பி வந்துவிடும். அவ்வளவுதான் அவர் கணக்கு.

மூன்று வாரத்தில் இரண்டுமுறை ஷோனா தொலைபேசியில் கூப்பிட்டாள். ஆனால் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லவே இல்லை. கால் புண் ஆறிவிட்டதாம். தங்கம் மாதிரி நாயாம். "ஒரே ஒரு குறை. பக்கத்துல 'படு'ன்னா படுத்துருவா. தூரத்துல விசில் ஊதினா நிக்க மாட்டேங்குறா."

"புது வாய் இல்லையா. பழகணும். நாக்கைப் பின்னால இழுத்து இன்னும் நீளமா ஊதும்மா" என்றார் ஆடம்.

அவர் தொலைபேசியை வைத்ததும் எஃபி அடுக்களையிலிருந்து வந்தாள். கையில் பாதி உரித்த உருளைக்கிழங்கு.

"என்ன ஊதச் சொன்னே?"

"ஏன்?"

"மூணு வருசமா பண்ணை வீட்டு அடுக்களை ஜன்னல்ல நின்னு கேட்டிருக்கேன். ஜெஸ்ஸை நிறுத்தறது ரெண்டு ஊதல். என்ன ஊதச் சொன்னே நீ?"

அவர் தலைகுனிந்தார். எஃபிக்கு அதுவே போதும்.

"அடப்பாவி. இப்பவே கூப்பிட்டுச் சொல்லு."

"சொல்றேன். ஞாயித்துக்கிழமை அவளே கூப்பிடுவா. அப்ப சொல்றேன்."

"இப்ப சொல்லு ஆடம்."

"அவ மலைக்குக் கிளம்பியிருப்பா" என்றார். அன்று புதன்கிழமை. அவமானத்தை நான்கு நாள் தள்ளிப்போட்டால் குறையும் என்று நினைத்தார். எஃபி தானே எண்ணைச் சுழற்றியிருக்கலாம். புருசன் வாயாலேயே வரட்டும் என்று விட்டாள். அதற்காக அவள் இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை.

சனிக்கிழமை பிற்பகல் ஷோனா வந்தாள். படியேறி வந்த வேகத்தில் மூச்சிரைத்தது. தொப்பியில் பனி. நாய் இல்லை.

"உக்காரும்மா" என்றாள் எஃபி.

உட்காரவில்லை. "காலையில பனி இன்னும் கொட்டறதுக்கு முன்னாடி ஆடுகளை இறக்கிறலாம்னு போனேன். எட்டு ஆடு பாறைப் பக்கம் பிரிஞ்சிருச்சு. அவ சுத்தி வளைக்கப் போனா. விளிம்புல பனி மூடியிருந்தது, கீழ தரையில்லை. நான் பாத்துட்டேன். ஊதினேன். நீங்க சொன்ன மாதிரியே நாக்கைப் பின்னால இழுத்து..." கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு தடவை நின்னு திரும்பி என்னைப் பாத்தா. என்ன சொல்றேன்னு கேக்கிற மாதிரி. மறுபடி நீளமா ஊதினேன். அவ போயிட்டா."

எஃபி ஏப்ரனின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"என் வாய்தான் சரியில்லை ஆடம். அவ மேல தப்பே இல்லை. நாற்பது வருசம் நாய் வச்சிருந்தவர்கிட்ட எந்த மூஞ்சியோட சொல்றதுன்னே தெரியாம வந்தேன். வண்டியில கம்பளி சுத்தி வச்சிருக்கேன். உங்க கையால புதைக்கணும்னு கொண்டு வந்தேன்." சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது போலும். ஜன்னலுக்கு வெளியே துணிக்கம்பங்களையும் சிமெண்ட் பாதையையும் பார்த்தாள். "உங்களுக்குன்னு இங்க மண்ணே இல்லையே" என்றாள் மெதுவாக.

ஆடம் சட்டைப்பையிலிருந்து தகர விசிலை எடுத்தார். இரண்டு ஊதல், இரண்டாவது கீழிறங்கியது.

"அது என்ன?" என்றாள் ஷோனா.

"அதுதான் நிறுத்துறது."

அவள் புரியாமல் எஃபியைப் பார்த்தாள். எஃபி முகத்தை ஏப்ரனால் மூடிக்கொண்டிருந்தாள். அப்போது ஷோனாவுக்குப் புரிந்தது. ஆடம் அவள் கத்துவாள் என்று காத்திருந்தார். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பார்.

"அவ திரும்பி வந்துருவான்னு நினைச்சேன்" என்றார். "எனக்கு அவ வேணும்னு இருந்துச்சு."

ஷோனா தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். "அவளை நானே மலை மேல கொண்டுபோய்ப் புதைச்சிடறேன்."

"நானும் வர்றேன். ஒரு நிமிசம், கோட்டை எடுத்துக்கறேன்."

"வேண்டாம். நீங்க வராதீங்க" என்றாள்.

அவள் இறங்கிப் போய்விட்டாள். ஆடம் கோட்டு இல்லாமலே கைத்தடியோடு படியில் இறங்கினார். முகத்தை ஒருமுறை பார்த்தால் போதும், தொட வேண்டாம், பார்த்தால் போதும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு படியாக இறங்கினார். முதல் மாடித் திருப்பத்தில் இருக்கும்போதே கீழே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்தார். எஃபி கோட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் போர்த்தாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.