முழங்காலுக்கு மேலே

பிரசவ ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த என் அக்காவுக்கு இடது கால் மட்டும் வீங்கியது. அத்தான்தான் ஸ்கேனுக்குக் கூட்டிப் போனார். "ஒண்ணுமில்ல, வெறும் நீர்" என்று வந்து சொன்னார். ஒன்றுமில்லாத கால் இப்படியா இருக்கும்? தொடைவரை இறுகிப் போய், தொட்டால் சுட்டது.

"பிள்ளை பெத்தா இதெல்லாம் சகஜம்" என்றார். இவர் எத்தனை பெற்றாராம்! குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அக்காவை வண்டியில் ஏற்றினேன். முணுமுணுத்துக்கொண்டே அவரும் ஏறினார்.

ஸ்கேன் அறையில் அதே ஸ்கேன்காரர்தான் இருந்தார். அத்தான் முகம் கறுத்தது.

"லேடீஸ் யாரும் இல்லையா?"

"நாளைக்குத்தான் சார் வருவாங்க."

"அப்ப போன தடவை மாதிரி முழங்காலுக்குக் கீழ மட்டும் பாருங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாதிக் காலைப் பார்த்துவிட்டா ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார் இந்த மனிதர்?

"அத்தான், உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா?" என்று கத்தினேன். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"கத்தாத, மானம் போகுது."

"போய்த் தொலையட்டும். அவ உசுரு இருந்தாப் போதும்!"

அக்கா கட்டிலில் படுத்து, நைட்டியைத் தானே இடுப்புவரை சுருட்டிக்கொண்டாள். "பாருங்க" என்றாள்.

அவர் தொடை இடுக்கில் ஜெல்லைத் தடவி, கருவியை வைத்து அழுத்தினார். திரையில் கறுப்பாக இரண்டு வட்டங்கள் தெரிந்தன.

"அமுக்கினா இந்த ரத்தக்குழாய் தட்டையாகணும். ஆகல பாருங்க. உள்ள ரத்தம் கட்டியிருக்கு." இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார். அந்த வட்டம் அசைந்து கொடுக்கவில்லை. "எந்திரிக்காதீங்கம்மா. இது பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து. டாக்டரை வரச் சொல்றேன்."

அத்தானுக்கு வேர்த்துக் கொட்டியது. அப்போதாவது வாய் சும்மா இருந்ததா? "இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்னய்யா?" என்று அந்த ஆள்மேல் பாய்ந்தார்.

"சொன்னேனே சார். தொடையையும் பாக்கணும்னு வெளிய வந்து உங்ககிட்ட சொன்னேன். நீங்கதானே வேண்டாம்னீங்க?"

அத்தானை உண்டு இல்லை என்று பண்ணிவிட நான் வாயெடுத்தேன். அதற்குள் அக்கா கேட்டாள். அத்தானிடம் அல்ல, ஸ்கேன்காரரிடம்.

"கால் என்னோடது. என்கிட்ட ஏன் சொல்லல?"