உப்பாத நான்கு பலூன்கள்

1

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். பிளஸ் டூ படிக்கையில் பயாலஜி ரெக்கார்டு நோட்டில் நான் எழுதிய இரண்டு எண்கள் பொய். அதற்கு எனக்கு முழு மார்க் கிடைத்தது. அதனால் மலிகா அக்காவுக்கு எது கிடைக்காமல் போனது என்பதுதான் இந்தக் கதை.

மலிகா திருவொற்றியூரில் எங்கள் பள்ளியின் லேப் அட்டெண்டர். முப்பத்தாறு வயது இருக்கும். நடந்தது 2004 பிப்ரவரியில். எனக்குத் தெரிந்தது கொஞ்சம், இட்டுக்கட்டியது மீதி. எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுவேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'ராயபுரம் பேக்கரியிலிருந்து ரொட்டி வாசம் வீசிய அந்தக் காலையில்...' வேண்டாம். யாருக்கும் பிடிக்கும் வாசம் அது. வாசகரை அவ்வளவு மலிவாக வாங்கக் கூடாது.

இரண்டாம் முயற்சி: 'ஈஸ்ட் ஒரு செல் மட்டுமே கொண்ட பூஞ்சை. காற்று உள்ளவரை சுவாசிக்கும். காற்று தீர்ந்தபின் நொதித்தல் மூலம்...' இது அன்புக்கரசி மிஸ்ஸின் குரல். அவர்தான் எங்கள் பயாலஜி டீச்சர். கதை இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் வகுப்பு ஆரம்பித்துவிட்டது.

மூன்றாவது: வருடத்துக்கு ஒருமுறை மலிகா அத்தாவுல்லாவைப் பார்ப்பாள்.

இது இருக்கட்டும்.

3

வருடத்துக்கு ஒருமுறை மலிகா அத்தாவுல்லாவைப் பார்ப்பாள். அவர் ராயபுரத்தில் ஒரு பேக்கரியில் மாஸ்டர். மனைவி இறந்து வெகுநாள் ஆகிவிட்டது. மலிகா புருஷனை விட்டு வந்து, கொருக்குப்பேட்டையில் அண்ணன் வீட்டில் இருப்பவள். பிராக்டிகல் நெருங்கினால் பள்ளிக்கு ஈஸ்ட் வேண்டும். காய்ந்த ஈஸ்ட் கடையிலேயே பாக்கெட்டில் கிடைக்கும். அது வேலைக்கு ஆகாது என்று மிஸ்ஸிடம் சொல்லி வைத்திருந்தவள் மலிகாதான். ஆகும் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

அவர் ஃபிரிட்ஜிலிருந்து ஈஸ்ட் கட்டியை எடுத்து, ஒரு துண்டு பிய்த்து, பட்டர் பேப்பரில் மடித்துக் கொடுப்பார்.

"டீச்சரம்மா, தண்ணி கைக்கு எதமா இருக்கணும். கொதிக்கிறத ஊத்துனா செத்துப் பூடும்."

"தெரியும் மாஸ்டர். போன வருசமும் இதத்தான் சொன்னீங்கோ."

"அடுத்த வருசமும் சொல்லுவேன். மறக்காம வாங்கோ."

அவள் டீச்சர் இல்லை. எட்டு வருடமாக அதைத் திருத்தவும் இல்லை. 'மலிகா, இதக் கழுவு', 'மலிகா, அதத் துடை' என்று கேட்டுக் கேட்டுப் புளித்த காதுக்கு, வருடத்தில் ஐந்து நிமிடம் டீச்சரம்மாவாக இருப்பது பிடித்திருந்தது. அந்த ஐந்து நிமிடத்தை வைத்துக்கொண்டு மீதி வருடத்தை ஓட்டினாள். (இந்த வரியை அதிகப்படி என்று அடித்தேன். அடித்த பிறகு பொய்யாகிவிட்டதுபோல் இருந்தது. திரும்ப எழுதிவிட்டேன்.)

[பன் வாங்குகிற மாதிரி எப்போது வேண்டுமானாலும் போகலாமே என்பீர்கள். அந்தத் தெரு முழுக்க அண்ணி வழிச் சொந்தம். "இன்னா மலிகா, இந்தப் பக்கம்?" என்று யாராவது கேட்டால், "இஸ்கூல் வேல" என்று சொல்ல ஏதாவது கையில் இருக்க வேண்டும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?]

இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அத்தாவுல்லா என்ற பெயர் நான் வைத்தது. மனைவி இறந்ததும் என் ஏற்பாடு. அவரைப் பற்றி மலிகா வாயிலிருந்து நான் கேட்டது ஒரே வரிதான். முந்தின வருடம் சீனியர் அக்காக்களின் பிராக்டிகலை நான் எட்டிப் பார்த்தபோது, ஒவ்வொரு பேட்ச்சுக்கும் தண்ணீர் ஊற்றும் முன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, "மாஸ்டர் எதமான சூடுன்னாரு" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். மற்றதெல்லாம் அந்த முகத்திலிருந்து எடுத்தது.

4

அந்த வருடம் மிஸ் சொல்லிவிட்டார், அடுத்த வருடத்திலிருந்து பாடத்திட்டம் மாறுகிறது, ஈஸ்ட் சோதனை கிடையாது.

மலிகா இந்தச் செய்தியோடுதான் ராயபுரம் போனாள். அவர் துண்டு பிய்த்தார், மடித்தார், இதமான சூட்டைச் சொன்னார், "அடுத்த வருசமும் வாங்கோ" என்றார். இவள் "சரி மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டாள். சொல்ல வேண்டியது திரும்பி வரும் பஸ்ஸில்தான் வாய்க்கு வந்தது: 'இனிமே வர்றதுக்குக் காரணம் இல்ல மாஸ்டர். காரணம் இல்லாம வரலாமா?'

அவளுக்கு இன்னும் ஒரு தடவை போக வேண்டும். ஒரே ஒரு தடவை.

5

சோதனை எளியது. நான்கு பாட்டில்கள். ஒன்றில் குளுக்கோஸ், ஒன்றில் சர்க்கரை, ஒன்றில் லாக்டோஸ், ஒன்றில் வெறும் தண்ணீர். நான்கிலும் கரைத்த ஈஸ்டை ஊற்றி, பாட்டில் வாயில் பலூனை மாட்ட வேண்டும். ஈஸ்ட் இனிப்பைத் தின்று காற்றை விடும், பலூன் உப்பும். குளுக்கோஸ் முதலில் உப்பும். சர்க்கரையை உடைத்துத்தான் தின்ன வேண்டும் என்பதால் அது சற்றுத் தாமதம். லாக்டோஸும்* தண்ணீரும் அப்படியே தொங்கும். நாற்பதாவது நிமிடம் பலூனைச் சுற்றி நூல் வைத்து அளக்க வேண்டும்.

* லாக்டோஸ் பாலில் உள்ள சர்க்கரை. அதை உடைக்கும் நொதி இந்த ஈஸ்டிடம் இல்லை. இனிப்பு சுற்றிலும் நிறைந்திருக்க, தொட முடியாமல், ஏக்கத்தோடு... (இந்த வாக்கியத்தைப் பாதியிலேயே விடுகிறேன். மலிகா ஒரு பாட்டில் இல்லை.)

அன்று மலிகா மணிக்கட்டில் சொட்டு விட்டுப் பார்க்கவில்லை. அடுப்பிலிருந்து இறக்கியதை அப்படியே ஈஸ்டின் மேல் ஊற்றினாள். பீக்கரிலிருந்து ஆவி எழும்பியதை நான் பார்த்தேன். இது இட்டுக்கட்டியது இல்லை.

அவள் கணக்கு நேரானது. பலூன்கள் உப்பாது. மிஸ் கோபப்படுவார். "மலிகா, ஈஸ்ட் கெட்டுப்போச்சு, ஓடிப்போய் வேற வாங்கிட்டு வா" என்பார். எட்டு வருடத்தில் ஒரு டெஸ்ட் டியூபைக்கூட உடைக்காதவள், அன்று ஒரே ஊற்றில் அத்தனை ஈஸ்டையும் கொன்றாள்.

6

நாற்பது நிமிடம் ஆயிற்று. நான்கு பலூன்களும் துவண்டு தொங்கின. நாங்கள் முப்பத்திரண்டு பேர். என்ன செய்திருப்போம்? எங்கள் ஊரில் பிளஸ் டூ படித்த யாரும் செய்வதைத்தான் செய்தோம். பைக்குள் இருந்த சீனியர் அக்காவின் ரெக்கார்டு நோட்டைத் திறந்தோம். ஈயடிச்சான் காப்பி. குளுக்கோஸ் 31 செ.மீ., சர்க்கரை 27 செ.மீ. நான் மட்டும் நம்பும்படி இருக்கட்டும் என்று குளுக்கோஸுக்கு 30.5 போட்டேன். பிற்காலத்தில் கதை எழுதப்போகிறவள் அல்லவா. லாக்டோஸ் உப்பவில்லை என்று எழுதினோம். அது மட்டும் உண்மை, அதுவும் தப்பான காரணத்துக்கு.

மிஸ் பலூன்களைப் பார்க்கவில்லை. எண்களைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

மலிகா என்னிடம் வந்தாள். அன்று புதுப் புடவை கட்டியிருந்தாள்.

"ஒண்ணுகூட உப்பலியேடி. மிஸ் இன்னா சொன்னாங்கோ?"

"எல்லாம் சரியா வந்துச்சுன்னு எழுதிட்டோம்க்கா. சைன் வாங்கியாச்சு." அவளுக்குத் திட்டு விழாமல் பார்த்துக்கொண்ட பெருமை எனக்கு. "பயப்படாதீங்க, உங்கள மாட்டி உட மாட்டோம்."

அவள் என்னையே பார்த்தாள்.

"அப்பிடியா," என்றாள். "நல்லதும்மா."

பிறகு பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக் கழுவ ஆரம்பித்தாள். குழாயை ரொம்ப நேரம் மூடவே இல்லை. அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் கழித்து எனக்கு அழுகை வருகிறது.

7

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: அடுத்த பிப்ரவரியில் மலிகா காரணமில்லாமல் போகிறாள். "இன்னா மலிகா, இந்தப் பக்கம்?" "சும்மா." எனக்கு மிகவும் பிடித்த முடிவு. ஆனால் 'சும்மா' என்று சொல்ல முடியாததால்தானே அவள் கொதிதண்ணீரை ஊற்றினாள். அந்தத் துணிச்சலை ஒரே வரியில் அவளுக்குக் கொடுக்க நான் யார்?

இரண்டு: அவள் வராததைக் கண்டு அத்தாவுல்லா பட்டர் பேப்பர் பொட்டலத்தோடு பள்ளிக்கு வருகிறார். "மலிகா டீச்சரப் பாக்கணும்." "அப்பிடி ஒரு டீச்சரே இங்க இல்லியே நைனா," என்கிறார் வாட்ச்மேன். அத்தாவுல்லா திரும்பிப் போகிறார். இதை எழுதிவிட்டு இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை.

மூன்றாவது முடிவு என்னிடம் இல்லை. அதனால் கதையை லேபுக்கே திருப்பிவிடுகிறேன். நாற்பதாவது நிமிடம். பலூன்கள் தொங்குகின்றன. நோட்டை இன்னும் யாரும் திறக்கவில்லை. மிஸ் இங்கேதான் இருக்கிறார்.

பதினேழு வயதில் நான் வாய் திறக்கவில்லை. இப்போது திறந்தால் அது என் மனசாட்சிக்கு நானே சொல்லும் சமாதானம். உங்களுக்கு மார்க் பயம் கிடையாது. நீங்கள் சொல்லலாம். "மிஸ், ஒண்ணுமே வரல." அவ்வளவுதான். முப்பத்திரண்டு பேரில் ஒருத்தி சொன்னால் போதும்.

சீக்கிரம். மலிகா செருப்பைக்கூட மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.