தலைமடை மதகு

அணையில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. வாய்க்கால் பாசனச் சங்கத்தின் தலைவி கூட்டம் போட்டு எல்லோரையும் சம்மதிக்க வைத்தாள். இந்தப் பருவம் நெல் கிடையாது, உளுந்துதான். முறை வைத்துத் தண்ணீர். முறை தவறி எடுத்தால் அடுத்த முறை கிடையாது. சரியென்று கை தூக்கியவர்களில் அவளுடைய அண்ணனும் ஒருவன்.

தூக்கிய கை இறங்குவதற்குள் அவன் நெல் நாற்று விட்டுவிட்டான். அவன் வயல் தலைமடையில். அதைத் தாண்டித்தான் தண்ணீர் மற்றவர்களுக்குப் போகவேண்டும். போதாததற்குத் தங்கச்சியே தலைவி. தொடக்கத்தில் மழையும் கைகொடுத்தது. பிறகு வானம் வெளுத்துவிட்டது.

ஒரு நாள் காலையில், வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் கடைமடைக்காரர்கள் அவள் வீட்டுக்கு வந்தார்கள். "இன்னைக்கு எங்க முறை. வாய்க்கால்ல ஈரம்கூட இல்ல. பூவெல்லாம் உதிருது."

அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கரையோடு மேலே போனாள். சங்கம் மதகில் போட்டிருந்த பூட்டு உடைந்து கிடந்தது. அண்ணனுடைய மதகு முழுசாகத் திறந்திருந்தது. அவன் வரப்பில் உட்கார்ந்திருந்தான்.

"வந்துட்டியா? வீட்டுக்குப் போ, அண்ணி டீ போடுவா."

"மதகை இறக்குண்ணே."

"நெல்லு பால் பிடிக்கிற நேரம். கூடப்பொறந்தவன் வாயில மண்ணைப் போடுவியா?"

"உளுந்துன்னு கை தூக்கினியே!"

"ஊரே தூக்குச்சு, நானும் தூக்கினேன்."

அவளே சக்கரத்தைச் சுற்றி மதகை இறக்கினாள். அவன் தடுக்கவில்லை. இதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்திருப்பான்.

மறுநாள் கூட்டத்தில் கடைமடைப் பெரியவரே இரங்கினார்: "அண்ணன்தானேம்மா. கண்டிச்சு விட்டுடலாம்."

இன்றைக்கு ஒரு பூட்டை மன்னித்தால் நாளைக்கு ஊரில் ஒரு பூட்டும் மிஞ்சாது என்று அவளுக்குத் தெரியும். "அவருக்கு அடுத்த முறை இல்ல," என்றாள்.

நெல் பதராய்ப் போனது. அண்ணன் அதை அறுத்து மாட்டுக்குப் போட்டான். கடைமடையில் உளுந்து சுமாராக விளைந்தது. அண்ணி தெருவில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் இவள் சைக்கிள் தானாக மெதுவாகும். ஆனால் நிற்காது.

அடுத்த பருவக் கூட்டத்துக்கு அண்ணன் வந்தான். பின்வரிசையில் எழுந்து நின்றான்.

"தலைவரே, என் வயலுக்குப் பக்கத்துல கரை ஒடைஞ்சு தண்ணி வீணாப் போகுது. எப்ப சரி பண்றீங்க?"

அவள் பிறந்ததிலிருந்து 'வாடி போடி' என்று கூப்பிட்டவன்.

"வியாழக்கிழமை ஆள் வரும்," என்றாள்.

அவன் உட்கார்ந்துகொண்டான்.