விரிசலின் மேல் ஒட்டிய கண்ணாடி

நகரத்தின் பழைய கடைத்தெருவில் அந்தக் கட்டடத்துக்கு வயது நூற்றைம்பது என்று பாதுகாப்புக் கமிட்டி சொன்ன நாளிலிருந்து, கீழே படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போடும் கடைக்காரருக்கு மரியாதை கூடிவிட்டது. கூரை ஒழுகுவதுகூட இப்போது பாரம்பரிய ஒழுகல்.

வாசலை ஒட்டிய சுவரில் உள்பக்கம் ஒரு விரிசல். அதன் குறுக்கே கமிட்டிப் பொறியாளர் விரல் அகலத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டியிருந்தார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும், உடையாதவரை பயமில்லை. மாதாமாதம் வருவார், "கல்லு மாதிரி நிக்குது" என்பார், போவார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் கடைக்காரர் குடும்பம் மாடியில் தூங்கியது.

இன்று அதே சுவரின் வெளிப்பக்கம், 'பாதுகாக்கப்பட்ட கட்டடம்' என்ற பித்தளைப் பலகையைப் பதிக்கப் பொறியாளர் ஆட்களோடு வந்திருந்தார். துளைபோடும் மெஷின் உறுமியது. உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம்.

கண்ணாடி இரண்டாகியிருந்தது. கடைக்காரர் சுவருக்கு அருகே ஓடினார்.

கடையில் கூடமாட வேலை செய்யும் மைத்துனன் எட்டிப் பார்த்தான். "மறுபடியுமா?"

"மறுபடியும்னா?"

"இது அடிக்கடி உடையும் மாமா. மட்டமான கண்ணாடி. நான்தான் வெட்டி மாத்துவேன்."

"இன்ஜினியருகிட்ட சொன்னியா?"

"அவரு பாத்து சந்தோஷமாத்தானே போறாரு. கண்ணாடி போடற கடையில உடைஞ்ச கண்ணாடி இருந்தா எவன் உள்ள வருவான்?"

கடைக்காரர் விரிசலில் சுண்டுவிரலை வைத்தார். நகம் மட்டும்தான் போகும் என்று நினைத்தார். பாதி விரல் போனது. மாடியில் மனைவி நடப்பது விரலில் தெரிந்தது.

சொன்னால் கடைக்குச் சீல், குடும்பம் தெருவில். சொல்லாவிட்டால் என்று யோசிக்கும்போதே மெஷின் உறுமியது. விரல் மேல் மணல் கொட்டியது.

ஓடிப்போய் வயரைப் பிடுங்கினார்.

"என்னங்க, பலகை கோணலா இருக்கா?" என்றார் பொறியாளர்.

கடைக்காரர் மாடியை அண்ணாந்து பார்த்தார். "பாப்பாவத் தூக்கிட்டு இறங்கு. செருப்புத் தேடாத." பிறகு பொறியாளரிடம், "சார், நீங்க ஒட்டின கண்ணாடி எப்பவோ போச்சு. இத்தன நாளா நீங்க பாத்ததெல்லாம் எங்க கடைக் கண்ணாடி."

பொறியாளர் நேராக எதிர்ச்சாரிக்கு நடந்துபோய் நின்றுகொண்டார். "எல்லாரும் வெளிய வந்தாச்சா?" என்று அங்கிருந்தே கத்தினார்.

படியில் மனைவியின் காலடி இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. கடைக்குள்ளிருந்து, மைத்துனன் கண்ணாடி வெட்டும் கிறீச் சத்தம்.