கூப்பிட்டால் வரும் வாரம்

ஆகஸ்ட் கடைசியில் அந்தச் சமையலறையில் இருந்தவர்கள் நான், ராய்ஸ், அவன் புது மனைவி கொலீன், அவர்களுடைய கிழட்டு நாய். நைட் ஷிஃப்டுக்குப் போகும் வழியில் அவர்கள் வீட்டில் நுழைந்திருந்தேன். எல்க் மான் வேட்டைக்கு எந்த வாரம் என்று முடிவானால்தான் மரம் அறுக்கும் மில்லில் லீவு கேட்க முடியும். வில்லோடு நான் முன்னால் நிற்பேன். பின்னால் மறைந்திருந்து பெட்டை மானைப் போல ஊதுவது ராய்ஸ். பல வருடங்களாக அப்படித்தான்.

"செப்டம்பர் கடைசியில போவோம். அப்பதான் கடா மானுங்க கத்துறதுல காடே அலறும்" என்றேன்.

"அலறும், கிட்ட வராதுடா. அதுக்குள்ள கடா தனக்குப் பெட்டைங்களச் சேத்துக்கும். நீ கூப்பிட்டா மந்தைய ஓட்டிக்கிட்டு அடுத்த மலைக்குப் போயிரும். முதல் வாரம்னா தனியா அலையும். கூப்பிட்ட குரலுக்கு வந்து நிக்கும்."

"சரி, முதல் வாரம்."

ராய்ஸ் கொலீனைப் பார்த்தான். "அப்ப இவ அக்கா வீட்டுக்குப் போறோம்."

"ரெண்டாவது வாரம்?"

"கூரை மாத்தணும்டா."

"ஊதிப் பாரு, வந்தாலும் வருவான்" என்று கொலீன் சிரித்தாள்.

முதல் வாரமே லீவு கேட்பதாகச் சொன்னேன். ராய்ஸ் இழுப்பறையிலிருந்து தன் ஊதலை எடுத்துக் கொடுத்தான்.

"மெதுவா ஊது. ரொம்ப ஊதாத."

ஊதுகிறவனைத் தேடிக்கொண்டுதான் மான் வரும். அவனே வில்லையும் இழுத்தால் அது பார்த்துவிடும். இது ராய்ஸுக்கும் தெரியும்.

ஊதலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். அந்த வீட்டுக் கதவை யாரும் பூட்டி நான் பார்த்ததில்லை. வண்டியை எட்டுவதற்குள் பின்னால் கதவு சாத்தப்பட்டது. பிறகு பூட்டு விழுந்தது.