பச்சைக்குள் மறைந்த எண்

ராணுவத் தேர்வில் ஓட்டத்தில் முதல் ஆளாக வந்த கௌதம்ராஜை ஒரு புள்ளிப் படம் கவிழ்த்துவிட்டது. பச்சைப் புள்ளிகளுக்கு நடுவே சிவப்பில் இருந்த எண் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. நிறக்குறைபாடு என்று எழுதி, மறுபரிசோதனைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவன் அப்பா சுயம்புலிங்கம் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சேத்தூரில் அவர்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளம், இல்லையென்றால் போலீஸ். செல்போன்தான் பையன் கண்ணைக் கெடுத்தது என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவர் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. தினமும் பொன்னாங்கண்ணிக் கீரை, அதோடு வசவு. போதாததற்கு ராஜபாளையத்தில் அந்தப் புள்ளிப் படங்களைப் பிரிண்ட் போட்டு வந்து, வரிசையாக மனப்பாடம் செய்ய வைத்தார்.

"மூணாவது என்னலே?"

"ஆறுப்பா."

"தெரியுதா?"

"நல்லாத் தெரியுதுப்பா."

அவர் தவறி எடுத்துக் காட்டியது ஐந்தாவது படம். அதைப் பார்த்த அம்மா மாரிக்கனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் அவள் உயிரியல் ஆசிரியை. அந்த வாரம் பார்த்துப் பன்னிரண்டாம் வகுப்புக்கு அதே பாடம் வந்தது. அம்மாவிடம் இரண்டு எக்ஸ் குரோமோசோம், அப்பாவிடம் ஒரு எக்ஸ், ஒரு ஒய். மகனுக்கு அப்பா கொடுப்பது ஒய் மட்டும். சிவப்பு பச்சை பிரித்துக்காட்டும் மரபணு இருப்பதோ எக்ஸில். அம்மாவின் ஒரு எக்ஸில் குறை இருந்தால் இன்னொன்று ஈடுகட்டிவிடும். மகனுக்கு ஈடுகட்ட வேறு எக்ஸ் இல்லை.

முன்வரிசை மாணவி பாண்டிசெல்வி எழுந்தாள். "அப்பத் தப்பு அம்மா மேலயா டீச்சர்?"

"தப்பு இல்லம்மா. யாரும் பாத்துப் பொறுக்கியா குடுக்காக?"

வகுப்பில் இப்படிச் சொல்கிறவள் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. பட்டாளத்துக் குடும்பத்தை இவள் வந்து கெடுத்தாள் என்று புருஷன் வீட்டார் பேசுவார்களே என்ற பயம். பயத்துக்கு மகனைப் பலி கொடுக்கிறோமே என்று பஸ்ஸில் வரும்போது வெட்கமாக இருந்தது.

வீட்டில் படப் பாடம் நடந்துகொண்டிருந்தது. நேராகப் போய்க் கணவர் கையில் இருந்த தாள்களை வாங்கினாள்.

"ஏங்க, இது கீரைக்குச் சரியாகாது. பிறவியிலயே வந்தது. என்கிட்ட இருந்து வந்தது. எங்கப்பா பழுத்த மிளகாயோட பச்சையவும் சேத்துப் பறிச்சுப் போட்டுருவாக. அவியளுக்கும் இதான் இருந்திருக்கு. இனி அவன வையாதீக."

சுயம்புலிங்கம் மகனைப் பார்த்தார். "ஏலே, ஒங்கம்மா என்ன சொல்லுதா?"

"டாக்டர் சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும்ப்பா. எங்களுக்கும் அம்மாதான இந்தப் பாடம் நடத்துனாக."

"பொறவு ஏம்லே சொல்லல?"

"சொன்னா அம்மாவ வைவீக. அதான் கீரையத் தின்னுக்கிட்டுக் கெடந்தேன்."

மாரிக்கனி அழுதுவிட்டாள். தான் நடத்திய பாடத்தைப் பிள்ளை எவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறான் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.